மூன்றாம் கம்பி

கித்தார் வகுப்பில் பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோர் முதலில் கேட்பது, "எத்தனாவது கிரேட் வரைக்கும் கொண்டு போவீங்க மாஸ்டர்?" என்பதுதான். பிள்ளையின் கேள்வி வேறு: "எப்ப பாட்டு வாசிக்கலாம்?" இரண்டும் நியாயமான கேள்விகளே. ஒருவருக்குத் தாள் வேண்டும், மற்றவருக்குப் பாட்டு வேண்டும். ஆனால் மலாக்காவின் ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா போன்ற ஊர்களில் இந்தத் தொழிலைச் செய்துவந்ததில் நான் வந்து நிற்கும் முடிவு இரண்டுக்கும் முந்தியது. கித்தார் ஆசிரியரின் முதல் வேலை பிள்ளையின் காதைத் திறப்பது. விரல் அதற்குப் பிறகு. தேர்வுத் தாள் அதற்கும் பிறகு. ரப்பர்த் தோட்டத்திலிருந்து தாமான் குடியிருப்புக்கு வந்து சேர்ந்த நம் பிள்ளைகளின் காதைத் திறக்க, ப்ளூஸ் என்ற கறுப்பின அமெரிக்க இசையைப்போல் எளிதில் கைக்கு எட்டும் கதவு எனக்குத் தெரிந்து வேறில்லை. இந்தக் கடைசி வாக்கியத்துக்குத்தான் எதிர்ப்பு அதிகம். சினிமாப் பாட்டு இருக்கிறது, கர்நாடக இசை இருக்கிறது, தேவாரம் இருக்கிறது, அமெரிக்கக்காரனின் சோகம் நமக்கு எதற்கு என்பார்கள். எதிர்ப்புக்குப் போவதற்கு முன் வகுப்பில் நடப்பதைக் கொஞ்சம் கிட்டே நின்று பார்த்துவிடுவது நல்லது.

கித்தாரில் ஆறு கம்பி. மெல்லிய கம்பியிலிருந்து எண்ணினால் இரண்டாவது 'பி', மூன்றாவது 'ஜி'. சுட்டுவிரலை இரண்டாம் கம்பியின் ஐந்தாவது ஃப்ரெட்டில் வைத்தால் வருவது 'இ'. மோதிரவிரலை மூன்றாம் கம்பியின் ஏழாவது ஃப்ரெட்டில் வைத்தால் வருவது 'டி'. இரண்டையும் சேர்த்து மீட்டினால் ஒட்டாத இரண்டு சுரங்கள் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள்போல் முறைத்துக்கொண்டு நிற்கும். இப்போது நடுவிரலையும் துணைக்கு வைத்துக்கொண்டு மூன்றாம் கம்பியை மேல்நோக்கித் தள்ள வேண்டும். விரல் மட்டும் தள்ளினால் வலிதான் மிஞ்சும். பூட்டில் சாவியைத் திருப்புவதுபோல் மணிக்கட்டு திரும்ப வேண்டும். தள்ளத் தள்ள 'டி' மேலே ஏறும். 'இ'யை நெருங்கும்போது இரண்டு ஒலிக்கும் நடுவே 'வவ்வவ்வவ்' என்று ஓர் அலை எழும். 'இ' நொடிக்கு ஏறத்தாழ 330 முறை அதிர்கிறது. தள்ளிய கம்பி 325இல் நின்றால் நொடிக்கு ஐந்து அலை, 328இல் நின்றால் இரண்டு அலை. சரியாகச் சேர்ந்த கணத்தில் அலை அடங்கி இரண்டு கம்பியும் ஒரே குரலாகிவிடும். இந்த அலை அடங்குவதைக் கேட்கத் தெரிந்த பிள்ளைக்குச் சுருதி என்றால் என்ன என்று விளக்க வேண்டியதே இல்லை. கேட்கத் தெரியாத பிள்ளை எட்டாம் கிரேட் உருப்படியை வாசித்தாலும் கணினி விசைப்பலகையைத் தட்டுவதற்கும் அதற்கும் வேறுபாடு குறைவு. கித்தாரின் ஃப்ரெட்டுகள் சுரத்தை அளந்து வைத்துவிடுகின்றன. வாசிப்பவர் கேட்காமலே காலம் தள்ளலாம். கம்பியை வளைக்கும்போது மட்டும் அந்தச் சலுகை இல்லை. எங்கே நிறுத்துவது என்பதைக் காதுதான் சொல்ல வேண்டும். பால்வெட்டில் கத்தி ஆழம் குறைந்தால் பால் இறங்காது, ஒரு மில்லிமீட்டர் கூடினால் மரம் காயப்படும். இன்றைய பிள்ளைகள் பால்வெட்டுக் கத்தியைத் தொட்டதில்லை என்பதால் இந்த உவமை வகுப்பில் எடுபடுவதில்லை. தாத்தா பாட்டிக்கு உடனே புரியும்.

வளைப்பை முதல் பாடமாக வைக்கும் இசை ப்ளூஸ்தான். ராக், நாட்டுப்புற மேற்கத்திய இசை எல்லாவற்றிலும் வளைப்பு உண்டு. ப்ளூஸில் அது அலங்காரமாக வருவதில்லை, பேச்சாகவே வருகிறது. மிசிசிப்பியில் பருத்தித் தோட்டத்தில் 1925இல் பிறந்து டிராக்டர் ஓட்டிய பி.பி. கிங்குக்கு, உறவினர் புக்கா வைட்போல் உலோகக் குழாயைக் கம்பிமேல் வழுக்கி வாசிக்க வரவில்லை. அந்த வழுக்கல் ஒலியை வெறும் விரலால் எட்டிப்பிடிக்க முயன்றதில் பிறந்ததுதான் உலகமே பின்னால் நகலெடுத்த அவருடைய இடக்கை நடுக்கம். மனிதக் குரலை உலோகக் குழாய் பின்பற்றியது, குழாயை விரல் பின்பற்றியது. இடதுகைக்காரரான ஆல்பர்ட் கிங் கம்பிகளை மாற்றிக் கட்டாமல் கித்தாரைத் தலைகீழாகப் பிடித்து, மற்றவர்கள் மேலே தள்ளும் கம்பியைக் கீழே இழுத்தார். முறை எதுவானாலும் தேடியது ஒன்றே: ஃப்ரெட்டுக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே கிடக்கும் சுரம். 'ஏ'யை ஆதாரமாகக் கொண்டால் மூன்றாம் கம்பியின் ஐந்தாவது ஃப்ரெட் 'சி'. அதை லேசாக, கால்வாசி மட்டும் தள்ளினால் ப்ளூஸ்காரர்கள் உயிராக நினைக்கும் அந்தச் சுரம் வரும். பியானோவில் அது இல்லை. ஆதார சுரத்திலிருந்து 300 சென்ட் (சுர இடைவெளியை அளக்கும் அலகு) தொலைவில் ஒரு கட்டை, 400 சென்ட்டில் அடுத்த கட்டை. இந்தச் சுரம் இரண்டுக்கும் நடுவே எங்கோ அலைகிறது. நம் பெயரில் சொன்னால் சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் இடைப்பட்ட இடம்.

இங்கேதான் நம் பிள்ளைக்கு ஓர் அனுகூலம் கிடைக்கிறது. ப்ளூஸ் கித்தார் கற்பவர் எவருக்கும் முதலில் தரப்படும் ஐந்து சுர வரிசையை ஸ க ம ப நி என்று பாடிப் பாருங்கள். சாதாரண காந்தாரம், சுத்த மத்தியமம், கைசிகி நிஷாதம். அது சுத்த தன்யாசி. மேலே நான் சொன்ன வளைப்புப் பாடமும் 'ஏ'யை ஸ என்று வைத்தால் மத்தியமத்திலிருந்து பஞ்சமத்துக்கு ஏறும் பாதைதான். வீணைக்காரர்கள் ஒரே மெட்டில் விரலை வைத்துக் கம்பியைப் பக்கவாட்டில் இழுத்து மேலே உள்ள சுரங்களைக் கொண்டுவருகிறார்கள். கித்தாரில் நாங்கள் செய்வதன் மூத்த உறவு அது. இதைச் சொன்னவுடன் சிலர் ஒரு படி தாண்டி, 'ஆக, ப்ளூஸே நம்மிடமிருந்து போனதுதான்' என்று ஆரம்பிப்பார்கள். அந்தப் பெருமையடிப்பில் எனக்குப் பங்கு வேண்டாம். ஐந்து சுரம் ஒன்றாக இருப்பதால் இரண்டு இசையும் ஒன்றாகிவிடாது. சுத்த தன்யாசியில் நிஷாதம் எங்கே அசையும், எங்கே அசையாமல் நிற்கும் என்பதற்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. ப்ளூஸில் பன்னிரண்டு தாளக்கட்டுக்குள் மூன்று கார்டுகள் முறைவைத்து மாற, அதன்மேல் அதே ஐந்து சுரம் ஒரு முறை பொருந்தியும் ஒரு முறை உரசியும் போகிறது. அந்த உரசல்தான் அதன் சுவை. ராகத்துக்கு அது ஒவ்வாது. நான் சொல்வது இவ்வளவே: வளையும் சுரத்தை நம் பிள்ளையின் காது ஏற்கெனவே அறிந்து வைத்திருக்கிறது, ஆசிரியர் அதை எடுத்துக்காட்டினால் போதும்.

ப்ளூஸ் இரத்தத்தில் வர வேண்டும், அந்தத் துன்பத்தைப் பட்டவர்களுக்குத்தான் வாய்க்கும் என்பது அடுத்த வாதம். இதற்கு நான் காட்டும் சாட்சி நெதர்லாந்திலிருந்து வருகிறது. அந்நாட்டின் வடக்கே டிரெந்தே மாநிலத்தில் குரோலோ என்று ஒரு சின்ன விவசாயக் கிராமம். 1960களில் அங்கே ஒரு பண்ணைவீட்டில் குடியிருந்து வாசித்த குழு கியூபி அண்ட் பிளிஸர்ட்ஸ். பாடகர் ஹாரி மஸ்கீ, கித்தார் ஏல்கோ கெல்லிங். பருத்தித் தோட்டத்தைக் கண்ணால் பார்த்திராத இந்த இளைஞர்களுக்கு இசைத்தட்டுதான் ஆசான். 1967இல் தங்கள் கிராமத்தின் பெயரையே தலைப்பில் வைத்து ஓர் ஆல்பம் வெளியிட்டார்கள். அதே ஆண்டில் மிசிசிப்பியில் பிறந்த பியானோ கலைஞர் எடி பாய்ட் அவர்களோடு சேர்ந்து ஓர் இசைத்தட்டுப் பதிவு செய்தார். அந்த இசைக்குச் சொந்தக்காரர் ஒருவரே கிராமத்துப் பையன்களை உடன் வாசிக்க ஏற்றுக்கொண்டபின் இரத்த வாதம் எங்கே நிற்கும்? காதால் உழைத்தவனுக்கு அது வருகிறது, அவ்வளவுதான். அந்தப் பண்ணைவீடு இப்போது அருங்காட்சியகம். ஃபோகஸ் குழுவின் யான் ஆக்கர்மனை 1973இல் பிரிட்டனின் மெலடி மேக்கர் வாசகர்கள் உலகின் முதல் கித்தார் கலைஞராகத் தேர்ந்தெடுத்ததும், 1999இல் தில்பர்க் நகரில் ராக் இசைக்கென்றே ஒரு கல்லூரி திறக்கப்பட்டதும் அந்தத் தலைமுறையின் தொடர்ச்சி. வார இறுதியில் மேடை, வார நாளில் நகராட்சி இசைப்பள்ளியில் வகுப்பு என்பது அங்கே ஒரு கித்தார்க்காரரின் சாதாரணப் பிழைப்பாக இருந்தது. யாரும் அதை இறக்கமாக நினைத்ததில்லை. நம்மிடம் நகராட்சி இசைப்பள்ளி என்ற ஏற்பாடே இல்லை. கடைவீட்டு மாடியில் நான்கு நாற்காலி போட்டவர்தான் ஆசிரியர்.

டச்சுக்காரர்களை இழுத்துவருவது மலாக்காவில் உட்கார்ந்திருப்பவருக்கு அவ்வளவு தொலைவான செயலும் இல்லை. 1641இலிருந்து ஏறக்குறைய 180 ஆண்டு இந்த ஊரை ஆண்டவர்கள் அவர்கள். செங்கல் நிறத்து ஸ்டாட்ஹவுஸ் முன்னால் நின்று படம் எடுக்காத சுற்றுலாப் பயணி இல்லை. ஆனால் இசைக் கணக்கில் பழைய பற்று அவர்களுக்கு முந்திய போர்த்துகீசியருடையது. 1511இல் வந்த அவர்களோடுதான் கித்தாரின் மூதாதைகள் இந்த நீரிணைக்கு வந்தன. உஜோங் பாசிர் போர்த்துகீசியக் குடியிருப்பில் இன்றும் பிரான்யோ ஆட்டத்துக்குக் கித்தாரும் வயலினும் ரெபானாவும் சேர்ந்து ஒலிக்கின்றன. டச்சுக்காரர்கள் சோழமண்டலக் கரை, வங்காளம், மலாக்கா ஆகிய இடங்களிலிருந்து பத்தாவியாவுக்குக் கொண்டுபோன போர்த்துகீசிய மொழி பேசிய கிறிஸ்தவர்கள் தூகு என்ற சிற்றூரில் குடியேறினார்கள். கெரோஞ்சோங் இசையின் தொட்டில் என்று இந்தோனேசியர்கள் காட்டும் ஊர் அது. அந்த இசை ஊறிய தீவுகளிலிருந்து 1957இல் நெதர்லாந்துக்குப் புலம்பெயர்ந்த யூரேசியக் குடும்பம் தீல்மன் சகோதரர்கள். மறு ஆண்டு அவர்கள் வெளியிட்ட இசைத்தட்டை டச்சு ராக் அண்ட் ரோலின் முதல் பதிவு என்பார்கள். ஆம்ஸ்டர்டாமில் பிறந்த ராக் கித்தார் கலைஞர் எடி வான் ஹேலனின் தாயும் ஜாவாவிலிருந்து போன யூரேசியப் பெண். ஆக, டச்சுக் கித்தாரின் வேரில் ஒரு நரம்பு நம் நீரிணைவரை ஓடுகிறது, அதில் சோழமண்டலக் கரைக்காரர்களும் சிலர் இருந்திருக்கிறார்கள். இதை வைத்துக்கொண்டு உரிமை கொண்டாடச் சொல்லவில்லை. 'நம்முடையது', 'பிறருடையது' என்று கித்தாரில் கோடு கிழிப்பவர் எந்த ஆண்டில் கிழிப்பார் என்றுதான் கேட்கிறேன்.

நம் நாட்டிலேயே சாட்சி கிடைக்கிறது. ப்ளூஸ் கேங் என்ற மலேசியக் குழு, ப்ளூஸை ஆங்கிலத்தில் விட்டுவைக்காமல் நெகிரி செம்பிலான் வட்டாரப் பேச்சில் பாடியது. தம்பினிலும் அலோர் காஜாவின் நானிங் பக்கத்திலும் கேட்கும் மினாங்கபாவ் வாடையுள்ள அந்தக் கம்பத்துப் பேச்சு ப்ளூஸுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியது. மலாய்ப் பாடகர் ஈத்தோவோடு அக்குழுவில் நின்றவர்களில் ஒருவர் ஜிம் மாடசாமி. பினாங்கு அல்லிகேட்ஸின் லோகநாதன், டேவிட் ஆறுமுகம் சகோதரர்களைப் பற்றித் தமிழர்களுக்கு நான் அறிமுகம் எழுத வேண்டியதில்லை. ஹாங்காங் மேடைகளில் மேற்கத்திய இசை வாசித்துக் காதைப் பழக்கிக்கொண்டவர்கள்தான் மலாய்ப் பாட்டில் நாடு முழுவதையும் கட்டிப்போட்டார்கள். ஈப்போவில் பிறந்து சிங்கப்பூர் மதுக்கூடங்களில் வாசித்து 2012இல் மறைந்த பால் பொன்னுதுரை இந்த வரிசையில் எனக்கு மிக முக்கியமானவர். ஒற்றைக் கித்தாரில் பாஸும் தாளமும் பாட்டும் ஒன்றாக ஓடும் அவருடைய வாசிப்பைக் கேட்க இசைக்கலைஞர்களே தேடிப்போனார்கள். டைம் இதழ் அவரைப் பற்றி எழுதியது. எந்தத் தேர்வு வாரியத்தின் பாடத்திட்டத்திலும் அந்த வாசிப்புக்கு இடமில்லை. எல்லாரும் பொன்னுதுரை ஆகிவிட முடியாது என்பதும் உண்மைதான். மேதைகளைக் காட்டி முறையை நிறுவுவது மோசமான தர்க்கம் என்று எனக்கே தெரியும். எனவே அடுத்த எதிர்ப்பை, பெற்றோரின் எதிர்ப்பை, நேராகவே எடுத்துக்கொள்கிறேன்.

தாள் வேண்டும் என்ற ஆசையை நான் கேலி செய்ய மாட்டேன். தோட்டம் துண்டாடப்பட்டு, லயத்தைக் காலி செய்து, தாமானில் தவணை கட்டும் வீட்டுக்கு வந்த குடும்பம் பிள்ளையின் கையில் ஏதாவது ஒரு சான்றிதழைப் பார்க்க விரும்புவதில் தவறென்ன? 1889இல் நிறுவப்பட்ட லண்டன் ராயல் இசைப்பள்ளிகளின் தேர்வு வாரியம் நடத்தும் கிரேட் தேர்வு ஒழுங்கான பாடத்திட்டம். பயிற்சிக்கு ஒரு தேதியை நிர்ணயித்துக் கொடுக்கிறது. குறிமானம் படிக்க வைக்கிறது. ஆனால் அதன் மதிப்பெண் பங்கீட்டைப் பெற்றோர் பார்ப்பதில்லை. வழக்கமான தேர்வில் மொத்தம் 150. மூன்று உருப்படிகளுக்கு 90, சுரவரிசைக்கு 21, பார்த்து வாசிப்பதற்கு 21, காதுச் சோதனைக்கு 18. தேற 100 போதும். அதாவது, காது மூடியே இருந்தாலும் பிள்ளை தேறிவிடலாம், சிறப்புத் தகுதிகூட வாங்கலாம். 2020இல் வந்த மற்றொரு முறையில் காதுச் சோதனையே கிடையாது. நான்கு உருப்படிகளை வாசித்துப் படம்பிடித்து அனுப்பினால் முடிந்தது. தேர்வு வாரியம் காதை வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் விலை குறைத்துப் போட்டிருக்கிறது. எங்களில் பலர் அந்த விலைக்கேற்பவே பாடம் நடத்துகிறோம். காதுச் சோதனையைத் தேர்வுக்கு மூன்று வாரம் முன்னால் தூசு தட்டி எடுக்கும் வழக்கம் நம் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த இரகசியம். முறையை மாற்ற வேண்டியதில்லை, வரிசையை மாற்றினால் போதும். இளையராஜா பண்ணைப்புரத்திலிருந்து கிளம்பி அண்ணன் பாவலர் வரதராசனின் குழுவில் பல ஆண்டு மேடை மேடையாக வாசித்தார். காது அங்கே திறந்தது. சென்னைக்கு வந்து தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்ததும், டிரினிடி கல்லூரியின் கித்தார் தேர்வில் தங்கப் பதக்கம் வாங்கியதும் அதற்குப் பிறகு. வான் ஹேலன் சிறுவனாகப் பியானோப் போட்டிகளில் பரிசு வாங்கியது ஆசிரியரின் விரலைப் பார்த்து, ஒலியைக் கேட்டு வாசித்தே; தாள் படிக்க அவர் கற்கவேயில்லை. அவரை முன்னுதாரணமாகக் காட்டி, தாளே வேண்டாம் என்று சொல்லும் மாணவரிடம் நான் இளையராஜாவைக் காட்டுவேன்.

இன்னொரு பக்கத்திலிருந்து வரும் எதிர்ப்பு கொஞ்சம் கனமானது. கோயிலும் திருமுறையும் உறுமியும் இருக்கும் சமூகத்தில், பிறருடைய அடிமைத்தனத்தில் பிறந்த இசையைக் கொண்டுவந்து பாடமாக வைப்பது பொருத்தமா? தோட்டப் பாட்டாளிகளின் கதையும் அவர்கள் கதையும் ஒன்றே என்று சிலர் இதற்குப் பதில் சொல்வார்கள். அந்தப் பதில் எனக்கு ஒப்பவில்லை. டான் சாய் யான் 1896இல் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டதிலிருந்து நம் முன்னோர் மலாக்காத் தோட்டங்களில் பட்டது கொஞ்சமல்ல. என்றாலும் ஒப்பந்தக் கூலியும் கங்காணி முறையும், தலைமுறை தலைமுறையாக மனிதரை விற்று வாங்கிய முறையும் ஒன்றல்ல. துன்பத்தைத் தராசில் வைத்துச் சமன்படுத்தி ஓர் இசைக்கு உரிமை கோருவது இரண்டு பேரின் துன்பத்துக்கும் மரியாதை செய்வதாகாது. என் பதில் காதைப் பற்றியது மட்டும். செங் சன்னாசிமலை மாசி மகத் திருவிழாவில் உறுமி முழங்குவதைக் கேட்டு வளர்ந்த பிள்ளை, வளைந்த குச்சி தோலின்மேல் தேய்ந்து இழுபடும்போது எழும் அந்த முனகலை அறியும். அதுவும் வளைந்த சுரமே. இழவு வீட்டு ஒப்பாரியில் வாக்கியத்தின் கடைசி அசை சரிந்து இறங்கும் விதம் பாட்டிமாரோடு மறைந்துகொண்டிருக்கிறது. ப்ளூஸ் பாடகரின் சரிவு அதற்கு அந்நியமல்ல. வேற்றூர் இசையைக் கற்கும் பிள்ளை பல சமயம் உறுமியை முதன்முறையாகக் கவனித்துக் கேட்கத் தொடங்குகிறது என்பதைத்தான் வகுப்பில் பார்க்கிறேன். நேராகவே சுத்த தன்யாசியில் தொடங்கலாமே என்றால், தொடங்கலாம், தடையில்லை. ஆனால் கர்நாடக இசையைக் கித்தாரில் முறையாகக் கொண்டுவருவது ஒரு வாழ்நாள் வேலை. ராணிப்பேட்டையில் பிறந்த ஆர். பிரசன்னா அதைச் செய்தார்; அவரே பாஸ்டன் பெர்க்லி கல்லூரிக்குப் போய் ஜாஸும் படித்தார். வாரத்துக்கு ஒரு மணி நேரம் வரும் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு மூன்று கார்டும் ஐந்து சுரமும் போதும். முதல் மாதத்திலேயே ஒரு முழு இசை கையில் இருக்கும்.

யூடியூப் இருக்கும்போது ஆசிரியர் எதற்கு என்பது இந்தப் பத்தாண்டின் கேள்வி. இதில் நேரம் செலவழிக்க மாட்டேன். விரல் எங்கே வைப்பது என்பதைக் காணொளி எங்களைவிட நன்றாகக் காட்டுகிறது. நிறுத்தி, பின்னோக்கி ஓட்டி, வேகம் குறைத்துப் பார்க்கலாம். 'இளைய நிலா' கித்தாரை அப்படிக் கற்றுக்கொண்டு வரும் பிள்ளைகள் நிறையப் பேர். காணொளி செய்யாத ஒரே காரியம், எதிரில் உட்கார்ந்திருப்பவரைக் கேட்பது. வளைப்பு முக்கால் தூரத்தில் நின்றுவிட்டது என்று அது சொல்லாது. பிள்ளைக்கும் தெரியாது, ஏனென்றால் தெரிந்திருந்தால் மிச்சக் கால் தூரத்தையும் தள்ளியிருக்கும்.

கடைசியாகப் பிழைப்பு. மேடை கிடைக்காதவர்தான் வகுப்பெடுப்பார் என்ற பேச்சு எங்கள் வட்டத்திலேயே உண்டு, வாசிப்பவர்களே சொல்லிக்கொள்வது. கல்யாண விருந்துகளில் முழு இசைக்குழு நின்ற இடத்தில் ஒரு கீபோர்டும் மைனஸ் ஒன் இசையும் வந்தபின் கித்தார்க்காரருக்கான அழைப்பு குறைந்தது உண்மை. மலாக்காவில் மிஞ்சியவை கோயில் திருவிழா மேடை, தீபாவளிக் காலம், ஹோட்டல் லவுஞ்சு, ஜோங்கர் தெருவின் வார இறுதிக் கூட்டம். இவற்றை மட்டும் நம்பி வீட்டு வாடகை கட்ட முடியாது, வகுப்பு கட்டுகிறது. ஆனால் வகுப்பை வாடகைக் கணக்காக மட்டும் பார்ப்பவர் அதிலிருந்து தனக்குக் கிடைப்பதைத் தவறவிடுகிறார். தன் விரல் தானாகச் செய்வதை இன்னொருவருக்குச் சொல்லால் விளக்க வேண்டிவரும்போதுதான் தன் வாசிப்பின் ஓட்டைகள் தெரியும். சிங்கப்பூர் கித்தாரின் தந்தை என்று அழைக்கப்பட்ட அலெக்ஸ் அபிஷேகநாதன் நம்மவர். 1926இல் பிறந்து 2023இல் மறைந்த அவர் ஆசிரியராகவும் கல்வி அமைச்சின் இசைத் துறை ஆய்வாளராகவும் இருந்தவர்; தொலைக்காட்சியிலேயே கித்தார் பாடம் நடத்தினார்; 1981இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் கித்தார் குழுவைத் தொடங்கினார்; 1988இல் கலாசாரப் பதக்கம் பெற்றார். கௌரிமனோகரி என்ற நம் ராகத்தின் பெயரிலேயே கித்தார் குழுவுக்கு ஓர் உருப்படி எழுதியிருக்கிறார். மாணவர் கூட்டம் ஒன்று கையில் இல்லாதவருக்கு அப்படி ஓர் உருப்படி எழுதத் தோன்றியிருக்காது. மேடையும் வகுப்பும் ஒரே கித்தாரின் இரண்டு கம்பிகள். ஒன்று தளர்ந்தால் மற்றதன் சுருதியும் கெடும் என்பது தொழில் தெரிந்தவருக்குத் தெரியும், ஏனென்றால் உண்மையான கித்தாரிலும் அப்படித்தான்: ஒரு கம்பியை அவிழ்த்தால் கழுத்தின் இழுவிசை மாறி மற்ற ஐந்தும் ஏறிவிடும்.

இவ்வளவும் பேசியபின் சொல்ல மிஞ்சுவது கருவியைப் பற்றி. வளைப்பை முதல் பாடமாக வைக்கும் முறைக்கு நான் அறிந்த நியாயமான ஒரே எதிர்ப்பு, பிள்ளையின் விரல் வலிக்கும் என்பது. வலிக்கும்தான். ஆனால் பாதி வலி கித்தாரால் வருகிறது. பேரங்காடியில் மலிவாகக் கிடைக்கும் கித்தார்களில் பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு மேல் கம்பி நாலு மில்லிமீட்டர் உயரத்தில் தொங்கும். இரண்டுக்குப் பக்கமாக இறக்கிவைத்தால் அதே பிள்ளை அரை மணி நேரம் கூடுதலாக வாசிக்கும். கனத்த கம்பிக் கட்டைக் கழற்றிவிட்டு 'சைபர் ஒன்பது' கட்டு போட வேண்டும். கலிபோர்னியாவில் கித்தார்க் கடை வைத்திருந்த எர்னி பால் 1960களின் தொடக்கத்தில் மெல்லிய கம்பிக் கட்டுகளை விற்கத் தொடங்கியதே, மாணவர்கள் கனத்த மூன்றாம் கம்பியோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துத்தான். மலாக்காவின் கடற்காற்றும் வியர்வையும் சேர்ந்து கம்பியைச் சீக்கிரம் துருப்பிடிக்க வைக்கும். துருவேறிய கம்பி ஃப்ரெட்டில் சொரசொரத்து வளைய மறுக்கும், பிடிவாதம் செய்தால் அறுந்துவிடும். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் ஒவ்வொரு கம்பியையும் அடிப்பக்கமும் சேர்த்துத் துடைக்கச் சொல்கிறேன். சேர வரும் பிள்ளையின் பெற்றோரிடம் நோட்டுப் புத்தகம்கூட முதல் மாதம் கேட்பதில்லை. ஒரு கட்டுக் கம்பியும், தனியாக இன்னும் இரண்டு 'ஜி' கம்பியும் வாங்கிவரச் சொல்கிறேன். முதலில் அறுவது அதுதான்.